கொல்லிமலையில் ஒரு தகைவுக் கணக்கு

ஆண்டுக்கொருமுறை கொல்லிமலைக்குப் போவது, கல்லூரியை விட்ட காலந்தொட்டு எங்கள் மூவருக்கும் வழக்கம். திருச்சியில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். மூவரும் இரும்பை வைத்துப் பிழைப்பவர்கள். இரும்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத புத்தகங்களைத் தேடிப் படிப்பவர்களும்கூட. பையில் ஆளுக்கு இரண்டு நூல்கள், ஒரு போர்வை, மாற்றுடை. அலுவலகக் காகிதம் எதுவும் மலையேறக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டம் ஒரே ஒருமுறை மீறப்பட்டது. பத்தாண்டுகளுக்கும் மேலாகிவிட்ட அந்த மீறலைப் பற்றி எழுதலாம் என்று இப்போதுதான் மூவரும் ஒத்துக்கொண்டோம். ஆகவே இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் உண்மையாகவே மூவர்தாம். கையெழுத்துப் போட வேண்டியிருந்தவர் மட்டும் எங்களில் ஒருவர். அவரை நண்பர் என்றே குறிப்பிடுகிறோம்.

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருப்பதால், பேருந்தில் வருபவர்கள் யாரும் தப்பிக்க முடியாத ஒரு கணக்குப் பாடம் அது. மேலே சோளக்காட்டில் இறங்கித் தேநீர் குடிப்போம். அங்கே பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்கள், கீழே நாமக்கல்லில் பார்த்தவைபோல இருப்பதில்லை. எல்லாம் உப்பித் தலையணைகளாகியிருக்கும். மலையின் மேல் காற்றழுத்தம் அடிவாரத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுக்கு அது தெரிந்துவிடுகிறது. அவ்வாண்டு நண்பர் ஒரு பொட்டலத்தை வாங்கினார். பிரிக்கவில்லை. அதன் மூலையில், ஒட்டும் கோடு மடிந்து சுருக்கம் விழுந்திருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒரு ரிப்போர்ட் கொண்டாந்திருக்கேன்டா. கோவிச்சுக்காதீங்க" என்றார்.

செம்மேட்டில் நாங்கள் வழக்கமாகத் தங்கும் விடுதியின் தாழ்வாரத்தில் அன்றிரவு அந்த அறிக்கை விரிக்கப்பட்டது.

வாசகர்களுக்கு முதலில் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். திருச்சிக்குக் கிழக்கே திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1960களில் வந்தது. அதைச் சுற்றித் துவாக்குடி வரையில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. தகடு வெட்டுவது, வளைப்பது, பற்றவைப்பது. இவைதாம் அந்த வட்டாரத்தின் விவசாயம். நண்பர் வேலை பார்த்தது அப்படிப்பட்ட ஒரு பட்டறையின் வடிவமைப்புப் பிரிவில். பெயர் வேண்டாம். அழுத்தக் கலன்கள் செய்தார்கள்.

அழுத்தக் கலன் என்றால் பெரும்பாலும் உருளை. இருபுறமும் கிண்ணம் கவிழ்த்தது போன்ற மூடிகள். இதற்குக் காரணம் அழகுணர்ச்சி இல்லை. உருளையின் சுவர் உள்ளழுத்தத்தை வெறும் இழுவிசையாகவே தாங்கிக்கொள்கிறது. சுவரின் முழுத் தடிமனும் சமமாக வேலை செய்கிறது. தட்டையான சுவரோ வளைந்துதான் தாங்க முடியும். அப்போது மேற்பரப்பும் கீழ்ப்பரப்பும் உழைக்க, நடுப்பகுதி சும்மா இருக்கிறது. ஒரு கணக்கு சொன்னால் விளங்கும். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை, பத்து பார் அழுத்தம், சாதாரணக் கலன் எஃகு. சுவர் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும். அதே 600 மில்லிமீட்டரில் ஒரு சதுரத் தகடு, அதே அழுத்தம், நான்கு விளிம்பும் இறுகப் பிடிக்கப்பட்டதாகவே வைத்துக்கொள்வோம்: 23 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். வட்டத்தைக் கைவிட்டதற்கான அபராதம் இது.

எங்களில் ஒருவர் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் உடனே நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களை நினைவூட்டினார். பொன்மலைப் பணிமனையில்தான் அவை பழுதுபார்க்கப்படுகின்றன. இந்த நூற்றாண்டில் புதிய எஞ்சின்கள் சில அங்கேயே கட்டப்பட்டும் இருக்கின்றன. நீராவி எஞ்சின் கொதிகலனின் முன்பகுதி உருளை; ஆனால் பின்னால் உள்ள நெருப்புப் பெட்டியின் சுவர்கள் தட்டையானவை. அந்தத் தட்டைச் சுவரை வெளிச்சுவரோடு பிணைத்து, கைச்சாண் இடைவெளிகூட விடாமல் நூற்றுக்கணக்கில் பிடிப்புத் தண்டுகள் அடித்திருப்பார்கள். சிறுவயதில் அவற்றின் தலைகளை எண்ணப் பார்த்துத் தோற்றதாகச் சொன்னார். "எதுக்கு இத்தனைன்னு எங்க அப்பாவ கேட்டேன். சப்பட்டையா இருக்கறதால பயம்னாரு." இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எந்தப் பாடநூலிலும் நாங்கள் படித்ததில்லை.

நண்பரின் கலன் ஒரு வேடிக்கையான உடம்பு. ஒருமுனை 600 மில்லிமீட்டர் சதுரம். மறுமுனை அதே அளவு விட்டமுள்ள வட்டம். வாங்குபவரின் ஆலையில் இருந்த இட நெருக்கடி அப்படி. பத்து பார் அழுத்தத்தில் ஒரு வாயு அதன் வழியே போகவேண்டும், சாதாரண வெப்பநிலைதான். வாங்குபவர் கேட்டது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமாகிய ஏ.எஸ்.எம்.இ.யின் விதிநூல், எட்டாம் பகுதி, முதற்பிரிவு. தொழிலில் இருப்பவர்களுக்கு இது கிட்டத்தட்ட வேதம். உருளைக்கு, கூம்புக்கு, கோளத்துக்கு, ஏன், செவ்வகப் பெட்டிக்குக்கூட அதில் சூத்திரம் உண்டு. சதுரமாகத் தொடங்கி வட்டமாக முடியும் இந்த அர்த்தநாரி உடம்புக்குச் சூத்திரம் இல்லை.

சூத்திரம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்றும் அந்த நூலே சொல்கிறது. யு-2 என்ற பத்தியின் ஜி என்ற உட்பிரிவில், எல்லா நுணுக்கங்களுக்கும் இங்கே விதி இல்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டு, விதி இல்லாத இடத்தில் செய்பவர் தன் வழியில் வடிவமைக்கலாம், ஆய்வாளர் ஏற்க வேண்டும், ஆனால் அது இந்நூலின் விதிகள் தரும் அளவுக்குப் பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்று விட்டுவிடுகிறது. எங்களுக்கு எப்போதும் இந்தப் பத்தியின் மேல் ஒரு மரியாதை. சட்டம் எழுதுபவர்கள் தங்கள் எல்லையைத் தாங்களே சொல்வது அரிது. சிக்கல் என்னவென்றால், 'அந்த அளவுக்கு' என்றால் எந்த அளவுக்கு?

இங்கேதான் கணினி வருகிறது. உருவத்தைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் சமநிலைச் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்க்கும் முறை. ஃபைனைட் எலிமெண்ட் என்று 1960இல் ரே கிளஃப் அதற்குப் பெயரிட்டார். விமான இறக்கைகளுக்காகப் பிறந்த வித்தை. எந்தக் கோணல் வடிவத்தையும் அது தயங்காமல் விழுங்கி, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு படத்தைத் துப்பும். எங்கே சிவப்போ அங்கே தகைவு அதிகம். தகைவு என்பது வேறொன்றுமில்லை, ஒரு சதுர மில்லிமீட்டர் பொருள் எவ்வளவு விசையைச் சுமக்கிறது என்பதே.

அந்தப் படத்தைப் பார்த்து முதலில் பயந்தது பற்றி நண்பர் சொன்னார். இரு முகங்கள் சேரும் உள்மூலையில் 380 மெகாபாஸ்கல் என்று வந்தது. கூறுகள் பெரிதாக இருப்பதால் பிழையோ என்று பாதியாகச் சிறுத்துப் பார்த்தார். 510. இன்னும் பாதி. 690. எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தாலும் எண் ஏறிக்கொண்டே போனது. கூர்மையான உள்மூலையில் கணிதப்படித் தகைவுக்கு முடிவே இல்லை. கணினி அந்த முடிவின்மையைத் தன் சக்திக்கேற்பத் துரத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நிஜ உலோகத்தில் பற்றவைப்பின் குழைவான விளிம்பு இருக்கும். அந்தப் புள்ளி துளியளவு இளகிக்கொடுத்துவிடும். அழுத்தம் ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் அங்கே விரிசல் பிறக்கலாம். அது களைப்புக் கணக்கு, தனி விசாரணை. உடம்பு ஒரே அழுத்தத்தில் தாங்குமா என்ற கேள்விக்கு அந்தப் புள்ளி சாட்சி சொல்லத் தகுதியற்றது. அதற்கு, தடிமனின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அக்கோட்டின் மேல் உள்ள தகைவைச் சீரான இழுவை, வளைவு, மிச்சம் என்று பிரித்தெடுக்க வேண்டும். அப்படிப் பிரித்தபோது, சதுரமுனைக்கு அருகே, தட்டைமுகம் மடிப்போடு சேருமிடத்தில், 22 மில்லிமீட்டர் தகட்டில், சீரான இழுவை 14, வளைவு 229. மொத்தம் 243.

இந்த 243தான் பையில் மலையேறி வந்தது.

எஃகு எஸ்.ஏ. 516, தரம் 70. அறுந்துபோவது 485 மெகாபாஸ்கலில். நிரந்தரமாக இளகத் தொடங்குவது 260இல். எட்டாம் பகுதியின் முதற்பிரிவு இந்த எஃகுக்கு அனுமதிக்கும் தகைவு 138. வளைவும் சேர்ந்து வருமிடத்தில் அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 207 வரை போகலாம். ஏன் ஒன்றரை? செவ்வக வெட்டுமுகமுள்ள தகட்டில் மேற்பரப்பு இளகத் தொடங்கிய பின்னும் உள்ளடுக்குகள் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. முழுதும் இளகித் தகடு கீல்போல மடங்க ஒன்றரை மடங்கு திருப்புவிசை வேண்டும். ஆக 243 என்பது தோல்வி. நண்பர் அப்படித்தான் முதல் வரைவில் எழுதியிருந்தார். தகடு 25 மில்லிமீட்டராக இருந்திருந்தால் 190க்குள் வந்திருக்கும். மூன்றே மில்லிமீட்டர். ஆனால் 22இல் தகடு வாங்கி, வெட்டி, மடித்தும் ஆகிவிட்டது. அனுப்பவேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் கோபக்காரர் அல்லர். படித்தவர், பொறுமையாக விளக்கியிருக்கிறார். "நீங்க பண்ணியிருக்கறது ரெண்டாம் பிரிவோட அனாலிசிஸ். அப்ப ரெண்டாம் பிரிவோட அனுமதித் தகைவத்தான எடுக்கணும்?" கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. சூத்திரங்களால் ஆன முதற்பிரிவைப்போல் அன்றி, பகுப்பாய்வுக்கு இடம்தரும் இரண்டாம் பிரிவு 1968இல் வந்தது. 2007இல் முற்றாகத் திருத்தி எழுதப்பட்டது. அதில் இந்த எஃகுக்கு 173 வரை உண்டு. ஒன்றரை மடங்கு 260. 243 தேறிவிடும்.

இன்னொரு வழியையும் அவரே காட்டினார். "அந்த வளைவு விளிம்புல வர்றதுதான? இரண்டாம்நிலைத் தகைவுன்னு எழுதுங்க." இரண்டாம்நிலை என்று எழுதிவிட்டால் எல்லை அனுமதித் தகைவின் மூன்று மடங்கு. 414. 243 என்ன, அதன் அண்ணனும் தேறுவான்.

தாழ்வாரத்தில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. ஒரே எஃகு, ஒரே அழுத்தம், ஒரே 243. ஒரு பெயர் சூட்டினால் தோல்வி. புத்தகத்தை மாற்றினால் வெற்றி. பெயரை மாற்றினால் அமோக வெற்றி. பெயரிடுதலின் அரசியல் குறித்துச் சிற்றிதழ்களில் நாங்கள் படித்த கட்டுரைகள் எத்தனையோ. அவற்றில் எதுவும் பத்து பார் அழுத்தத்தில் எங்களைச் சோதித்ததில்லை.

நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது புத்தகத்தை மாற்றும் யோசனையை. அனுமதித் தகைவு என்பது இயற்கை விதி இல்லை. இறந்தவர்களோடு பேரம் பேசி எட்டப்பட்ட எண் அது. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்தது. அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் கொதிகலன் சோதனைச் சட்டம் வந்தது. நம் நாட்டின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் மூதாதை அதுவே. அமெரிக்காவில் 1905 மார்ச்சில் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். பத்தாண்டு கழித்து, 1915இல், ஏ.எஸ்.எம்.இ. தன் முதல் விதிநூலை வெளியிட்டது. அப்போது உலோகத்தின் அறுபடும் வலிமையில் ஐந்தில் ஒரு பங்குதான் அனுமதி. உலகப்போரில் எஃகுத் தட்டுப்பாடு வர நான்கில் ஒன்றாயிற்று. 1999இல் மூன்றரையில் ஒன்று. நம் 485ஐ மூன்றரையால் வகுத்தால் அந்த 138 கிடைத்துவிடும். இரண்டாம் பிரிவில் வகுக்கும் எண் முதலில் மூன்று, 2007இலிருந்து 2.4.

இந்தச் சரிவைப் பார்த்து, மனிதனுக்குத் துணிச்சல் கூடிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஏதோ ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது: உருக்காலை மேம்பட்டது, பற்றவைப்பை ஊடுருவிப் பார்க்கும் சோதனைகள் வந்தன, எஃகின் முறிவுத்தன்மை புரிந்தது. இரண்டாம் பிரிவு தரும் 173 ஒரு தனி எண்ணாக வருவதில்லை. கூடுதல் சோதனைகள், கடுமையான பொருள் நிபந்தனைகள், பொறுப்பேற்றுச் சான்றளிக்கும் பொறியாளர் என்று ஒரு குடும்பத்தோடு வருகிறது. எங்கள் பொன்மலைக்காரர் சொன்னார்: "பொண்ணு மட்டும் வேணும், மாமனார் வீட்டு செலவு வேணாம்கற மாதிரி இருக்கு." நண்பரின் கலனிலோ பற்றவைப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஊடுகதிர்ப்படம் எடுக்கப்பட இருந்தன. ஆகவே பகுப்பாய்வை இரண்டாம் பிரிவிலிருந்து கடன் வாங்கலாம். எல்லை எண் முதற்பிரிவினுடையதாகவே இருக்கவேண்டும். விதிநூலே பின்னாளில் ஒரு பிற்சேர்க்கையில் இதையே எழுதிவைத்தது. அன்று அந்தப் பிற்சேர்க்கை இல்லை. இருந்திருந்தால் அன்றிரவு நாங்கள் சீக்கிரம் தூங்கியிருப்போம்.

இரண்டாவது யோசனைதான் கடினமானது. முதல்நிலை, இரண்டாம்நிலை என்ற பாகுபாடு இப்படி: வெளியிலிருந்து வரும் சுமையைத் தாங்கி நிற்க எது தவிர்க்க முடியாததோ அது முதல்நிலை. பொருள் இளகினாலும் சுமை போகாது. மேலும் மேலும் இளகிச் சரியும். பக்கத்துப் பகுதியோடு ஒட்டிப் போவதற்காக மட்டும் பிறக்கும் தகைவு இரண்டாம்நிலை. துளி இளகியதும் அது தானே தணிந்துவிடும். (மனிதத் துயரங்களிலும் இவ்விரு வகை உண்டு என்று எங்களில் ஒருவர் ஆரம்பித்தார். மற்ற இருவரும் வாயை மூடச் சொல்லிவிட்டோம்.) கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது 243 என்று மட்டும் சொல்லும். அதன் சாதி என்ன என்று சொல்வது மனிதன் வேலை.

ஆனால் மேலாளர் முழுக்கப் பொய்யும் சொல்லவில்லை. தட்டைமூடி ஒன்று உருளையோடு சேருமிடத்தில் வரும் வளைவை இரண்டாம்நிலை என்றே விதிநூலின் அட்டவணை சொல்கிறது. அதன் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: தகட்டின் நடுப்பகுதி எல்லைக்குள் நிற்பதற்கு அந்த விளிம்பின் பிடிப்பு தேவைப்படுமானால், அது முதல்நிலை. அட்டவணையைப் படித்தவர்கள் பலர். அடிக்குறிப்பைப் படித்தவர்கள் சிலர்.

அந்த அடிக்குறிப்பைச் சோதிக்கக் கணினி தேவையில்லை. மின்சாரம் போய்விட்டிருந்தது. விடுதிக்காரர் ஒரு மெழுகுவத்தி வைத்துவிட்டுப் போனார். டிமஷென்கோவின் தகடுகள் பற்றிய நூலில் வரும் இரண்டு எண்களைக் கல்லூரிநாள் முதல் நண்பர் மறக்கவில்லை. சிலருக்குக் குறுந்தொகை மனப்பாடம் ஆவதுபோல. நான்கு விளிம்பும் இறுகப் பிடித்த சதுரத் தகட்டின் விளிம்புக்கு 0.0513, விளிம்புகள் சும்மா தாங்கி மட்டும் நின்றால் நடுவுக்கு 0.0479. எங்கள் கலன்முகம் முழுச் சதுரம் இல்லை என்றாலும் சதுரமுனைக்கு அருகே கிட்டத்தட்ட அதுவே. விளிம்பு முழுதாக இளகிப் பிடியை விட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டோம். பிடித்திருந்தபோது நடுவில் வளைவுத் தகைவு நூற்றுச் சொச்சம்தான். பிடி விட்டதும் 214. அதோடு இழுவை 14. ஆக 228. எல்லை 207.

நடுப்பகுதி விளிம்பை நம்பித்தான் நிற்கிறது. விளிம்பின் வளைவு முதல்நிலை. பெயர் மாற்ற வழியில்லை.

கணக்கு எழுதப்பட்ட தாள், ஒரு மாத இதழின் பின்னட்டை. அது இன்னும் எங்களிடம் இருக்கிறது.

மறுநாள் காலை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய், ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் நீர். அந்த உயரத்துக்கு நீரைக் குழாயில் அடைத்து வைத்தால் அடியில் ஒன்பது பார் அழுத்தம் இருக்கும் என்று நண்பர் கணக்குச் சொன்னார். அவருடைய கலனுக்குள் இருக்கப்போவதைவிடக் கொஞ்சம் குறைவு. இம்மலையின் ஓடைகளைத் திருப்பிக் குழாய்வழி இறக்கி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒன்றும் மின்வாரியத்திடம் உண்டு. திறந்துவிட்ட நீர் இவ்வளவு இரைச்சலிடும்போது அடைத்துவைத்த நீர் என்னவெல்லாம் நினைக்கும் என்று தோன்றியது. எஃகுக்குள் இருப்பது சத்தம் போடாது. அதுதான் அதன் குணம்.

படியேறும்போது பேச்சு கொல்லிப்பாவைக்குத் திரும்பியது. காற்று மோதினாலும், கடுமழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் வடிவு கெடாத பாவை என்று நற்றிணையில் பரணர் பாடுகிறார். விதிநூலிலும் ஒரு பத்தி உண்டு. கலன் தாங்கவேண்டிய சுமைகளின் பட்டியல். காற்று, பனி, நிலநடுக்கம், வெப்பம், மோதல் என்று போகும். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரு பட்டியல்களும் இவ்வளவு ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம். "பரணர் உள்ளழுத்தத்த மட்டும் விட்டுட்டாரு" என்றார் நண்பர். அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான். வீட்டுக்கடன், ஒன்றரை வயதுக் குழந்தை, துவாக்குடி வட்டாரத்தில் அப்போது வேலைகள் அருகிவந்தது, இவற்றையெல்லாம் அவர் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போடாதே என்று நாங்களும் சொல்லவில்லை. போடப்போவது எங்கள் கை இல்லை. கணக்கு சரியா என்று மட்டும்தான் அவர் கேட்டார். சரி என்று மட்டும்தான் சொன்னோம். இதை நினைக்கும்போது இன்றும் எங்களுக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

அவர் போடவில்லை. 138ஐ வைத்து அறிக்கை எழுதி, நான்கு தட்டைமுகங்களிலும் வெளிப்புறம் குறுக்கே பட்டை எஃகில் விலா எலும்புகள் பற்றவைத்தால் போதும், தகட்டை மாற்றவேண்டாம் என்று ஒரு வழியும் வரைந்து கொடுத்தார். மூன்று நாள் வேலை. அந்த விலாக்கள் இட நெருக்கடியில் பக்கத்துக் குழாயில் இடிக்கும் என்று பதில் வந்தது. இடிக்குமா இடிக்காதா என்று அளந்து பார்க்க யாரும் போகவில்லை. பத்து நாளில் வேறொருவர் பெயரில் புது அறிக்கை தயாராயிற்று. அதே படம், அதே 243. பக்கத்தில் 'இரண்டாம்நிலை' என்ற சொல். எல்லை 414. ஆய்வாளர் ஏற்றுக்கொண்டார்.

நீரழுத்தச் சோதனை, வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் 1.3 மடங்கில் நடந்தது. 13 பார். ஒன்றும் ஆகவில்லை. இனிப்பு கொடுத்தார்களாம். நண்பருக்கும் ஒரு லட்டு வந்தது, சாப்பிட்டதாகத்தான் சொன்னார்.

அன்று மாலை பட்டறையின் மூத்த ஃபிட்டர் ஒருவர், அதிகம் பேசாதவர், சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவருக்காகக் காத்திருந்தார். இந்தக் கலன் விஷயத்தில் மேலே ஏதோ தகராறு என்று கேள்விப்பட்டு, சோதனைக்கு முன்பே நான்கு முகங்களிலும் நேர்விளிம்பு வைத்து, ஃபீலர் கேஜின் இலைகளை நுழைத்து அளந்து, சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து வைத்திருக்கிறார். சோதனை முடிந்து நீர் வடிந்தபின் மறுபடி அளந்திருக்கிறார். "மூணு மொகம் அப்படியே இருக்குங்க சார். வடக்கு பாத்த மொகம் மட்டும் கால் மில்லி வெளிய நிக்குது. திரும்பல." கண்ணுக்குத் தெரியும்படி நிரந்தர உருமாற்றம் இருந்தால்தான் ஆய்வாளர் நிராகரிக்கலாம். கால் மில்லி எந்தக் கண்ணுக்கும் தெரியாது. 13 பாரில் அந்த விளிம்பின் மேற்பரப்பு கணக்குப்படி 316 மெகாபாஸ்கல் கேட்டிருக்கும். எஃகு 260க்கு மேல் உறுதி தரவில்லை. துளி இளகியிருக்கலாம். ஃபீலர் கேஜின் இலைக்கடியில் ஒரு துளி எண்ணெய் இருந்திருந்தாலும் அளவு கொஞ்சம் மாறும். ஃபிட்டரிடம் அதைக் கேட்கவில்லையா என்றோம். "அவரு கைய பாத்திருந்தா நீயும் கேட்டிருக்க மாட்ட" என்றார் நண்பர்.

அவ்வாண்டு இறுதியில் அவர் வேலையை விட்டார். இப்போது வேறு ஊரில், குழாய்களின் வேலை. சம்பளம் முதலில் குறைவு, பிறகு சரியாயிற்று. அந்தக் கலன் அனுப்பப்பட்ட ஆலையில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் பராமரிப்பில் இருக்கிறார்.

கொல்லிமலைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். மெழுகுவத்திக்குத் தேவை இருப்பதில்லை. செம்மேட்டில் ஓரியின் சிலை அப்படியே வில்லோடு நிற்கிறது. சோளக்காட்டுக் கடையில் பொட்டலங்கள் உப்பித் தொங்குகின்றன. தேநீர் வந்ததும் எங்களில் யாராவது ஒருவர் கேட்பது வழக்கமாகிவிட்டது.

"அது ஓடுதாடா?"

"ஓடுது. போன வாரங்கூட கேட்டேன்."

"அளந்தாங்களா?"

"யாரு அளப்பா?"

பிறகு தேநீரைக் குடித்துவிட்டு, செம்மேட்டுப் பேருந்து வருகிறதா என்று பார்ப்போம்.